குழாய்ச் சூளைக்குப் பக்கத்தில் ஒரு கலைப்பள்ளி: லாம்பெத், 1854

லாம்பெத் கலைப்பள்ளியின் வரலாற்றைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து தொடங்குவதுதான் சரி. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கழிவறையிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும், தவிட்டு நிறத்தில் பளபளக்கும் ஸ்டோன்வேர் (உயர்வெப்பத்தில் இறுகச் சுட்ட களிமண்) குழாயைப் பலரும் பார்த்திருப்பார்கள். லண்டனில் அந்த வகைக் குழாயைப் பெருமளவில் செய்து பணக்காரரானவர் ஹென்றி டவுல்ட்டன். 1846இல் அவர் குழாய்க்கென்றே தனித் தொழிற்சாலை போட்டார். 1848-49 காலராவுக்குப் பிறகு நகரம் முழுக்கச் சாக்கடை அமைக்கும் வேலை சூடுபிடிக்க, சூளைகள் ஓயவே இல்லை. அந்தச் சூளைகள் இருந்த லாம்பெத், தேம்ஸின் தென்கரையில், அன்று சர்ரே மாவட்டத்துக்குள் கிடந்த புறநகர். குயவர், படகு கட்டுவோர், சோப்புத் தொழிலாளர் என்று கைவேலைக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம்.

1854இல் அங்கே புனித மேரி-தி-லெஸ் பங்கின் குருவான ராபர்ட் கிரெகரி ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார். பகலில் உழைத்துவிட்டு வருபவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. பங்குக் குரு ஏன் ஓவியப் பள்ளி நடத்த வேண்டும் என்று இன்று தோன்றும். அரசு அப்போது வைத்திருந்த திட்டமே அப்படித்தான் இருந்தது.

பிரெஞ்சுப் பட்டும் ஜெர்மன் பொருள்களும் சந்தையில் முந்துகின்றன, நம் பொருள்களுக்கு வடிவம் போதவில்லை என்ற கவலையில் 1837இல் லண்டன் சோமர்செட் ஹவுஸில் அரசு வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. அது பெரிதாகப் பலன் தரவில்லை. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அந்தக் கவலை மறுபடி தலைதூக்கியது. 1852இல் ஹென்றி கோல் தலைமையில் ஒரு துறை அமைந்து, அடுத்த ஆண்டு அறிவியல்-கலைத் துறை என்று பெயர் மாறி, 1857இல் லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதிக்குக் குடிபோனது. இந்தத் துறையின் கீழ் நடந்த பள்ளிகளில் கட்டடம், வாடகை, நிர்வாகக் குழு எல்லாம் உள்ளூர் பொறுப்பு. பாடத்திட்டம், மாதிரிகள், தேர்வு, பரிசு எல்லாம் துறையின் பொறுப்பு. உள்ளூரில் இடமும் குழுவும் திரட்டக்கூடிய ஆள் பெரும்பாலும் பங்குக் குருவாகவே இருந்தார்.

துறையின் பாடத்திட்டத்தை வகுத்தவர் ஓவியர் ரிச்சர்ட் ரெட்கிரேவ். மொத்தம் 23 படிகள். முதற்படி கருவிகளால் நேர்கோட்டு வரைபடம். இரண்டாம் படி, சுவரில் தொங்கும் தட்டைப் படத்தைப் பார்த்துக் கையால் வெளிக்கோடு. மூன்றாம் படியில் அதையே பிளாஸ்டர் உருவத்தைப் பார்த்து வரைய வேண்டும். நான்கும் ஐந்தும் நிழலிடுதல். பிறகு மனித உருவம், உடற்கூறு, பூவும் இலையும், வண்ணம், களிமண் என்று ஏறி, 22ஆம் படியில்தான் அடிப்படை வடிவமைப்பு வரும். ஒரு தொழிலுக்கான வடிவமைப்பு 23ஆம் படி. வடிவமைப்பாளரை உருவாக்கத் தொடங்கிய திட்டத்தில் வடிவமைப்பு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தது. நாள் முழுதும் பட்டறையில் நின்றுவிட்டு மாலையில் வரும் தச்சனோ குயவனோ ஐந்தாம் படியைத் தாண்டுவதே அரிது.

இரண்டாம் படியின் வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் இருபுறமும் ஒத்த ஒரு இலைக்கொடியோ ஜாடியோ கொடுக்கப்படும். மாதிரியைவிட வேறு அளவில் வரைய வேண்டும், அதனால் ஒற்றி எடுக்க முடியாது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, உயரத்தைப் பகுத்து அகலங்களைக் குறிப்பது, பிறகு இடப்பக்க வளைவு, கடைசியில் வலப்பக்கம். பெரும்பாலும் தவறு வலப்பக்கத்தில்தான் நடக்கும். வலக்கைக்காரரின் மணிக்கட்டு ஒரு பக்கத்து வளைவை இயல்பாகச் சுழற்றும். எதிர்ப்பக்கத்தில் அதே வளைவுக்குக் கை உள்நோக்கி மடங்க வேண்டியிருப்பதால் வயிறு பெருத்தோ தோள் சரிந்தோ போகும். கையைத் தாளோடு ஒட்டவிடாமல், முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் கோட்டை இழுத்துப் பழகுவதுதான் இதற்கு மருந்து. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாம்பெத்தில் பின்னால் நடந்த அதிசயத்துக்கு வித்து இதுதான்.

ஐந்தாம் படியோ பொறுமையைத் தின்றது. வாட்மன் என்ற தடித்த ஓவியத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி விறைப்பாக்குவார்கள். கரித்துண்டால் மெல்லிய வெளிக்கோடு போட்டபின், தோலையோ தாளையோ சுருட்டிச் செய்த ஸ்டம்பால் கருஞ்சாக் பொடியைத் தேய்த்து நிழலின் பொது அடர்வைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: ஊசிபோல் சீவிய சாக்கால் புள்ளி, புள்ளி, புள்ளி. எங்காவது வெளிறித் தெரிந்தால் அங்கே ஒரு புள்ளி. எங்காவது கறுத்திருந்தால் ரொட்டியின் வெள்ளைப் பகுதியை விரலில் உருட்டிக் கூராக்கி, ஒற்றி எடுப்பது. தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டுமே வேண்டும். ரொட்டி புதிதாக இருந்தால் பசைபோல் ஒட்டும். அதில் கொழுப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கறை தாளில் தங்கி, மேலே சாக் படும்போது கருந்திட்டாக எழும்பும். தாளை அழுத்தித் தேய்த்துவிட்டால் அதன் மேல்பஞ்சு படிந்து பளபளத்துப் போய், சாக் பிடிக்கவே பிடிக்காது. மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு மாலையில் பாழாகிவிடும்.

இப்படி ஒரு பிளாஸ்டர் உருவத்தின் முன்னால் மாதக்கணக்கில் புள்ளி வைத்தது யாருக்காக? தேர்வாளருக்காக. நாடெங்கும் உள்ள பள்ளிகளிலிருந்து மாணவர் வேலைகள் ஆண்டுதோறும் சவுத் கென்சிங்டனுக்குப் போகும். அங்கே தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள், பரிசுப் புத்தகங்கள். 1860களில் துறை ஆசிரியர் உதவித்தொகையை நிறுத்தி, தேர்ச்சிக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தக்கது எதுவோ அதற்கே மதிப்பெண் எளிதாக விழும். துணிந்து போட்ட கோட்டைவிடப் பிசிறில்லாத நிழலைத்தான் எளிதாக அளக்க முடியும். ஆசிரியரின் வருமானம் அதில் தொங்கியதால், பிசிறில்லாத நிழலையே அவர் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆசிரியர்கள் சோம்பேறிகளோ ரசனையற்றவர்களோ அல்லர். கணக்கு அவர்களை அப்படி ஓட்டியது. 1871இல் லண்டனில் ஸ்லேட் கலைப்பள்ளி திறந்தபோது அதன் முதல் பேராசிரியர் எட்வர்ட் பாய்ன்ட்டர் இந்தப் புள்ளி வழக்கத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

லாம்பெத்தும் அதே 23 படிகளுக்குக் கட்டுப்பட்ட பள்ளிதான். 1850களின் பிற்பகுதியில் அதன் தலைமை ஆசிரியராக வந்த ஜான் ஸ்பார்க்ஸ் திட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. தெருவின் கடைசியில் என்ன எரிகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். பள்ளி அப்போது நல்ல கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. புகழ்பெற்ற வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டம் 1859இல் மூடப்பட்டு நிலம் துண்டு போடப்பட்டபோது அதில் ஒரு பகுதி பள்ளிக்குக் கிடைத்தது. 1860இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அங்கிருந்து டவுல்ட்டனின் சூளைகள் நடந்துபோகும் தூரம்.

பள்ளி மாணவர்களைக் கொண்டு பாத்திரங்களை அலங்கரிக்கலாம் என்று ஸ்பார்க்ஸ் கேட்டபோது டவுல்ட்டன் உடனே இசையவில்லை. குழாயும் ரசாயன ஜாடியும் விற்றுச் செழிக்கும் மனிதருக்கு, பூச்சாடியில் என்ன லாபம்? ஸ்பார்க்ஸ் விடாமல் கேட்டார். முதலில் சில மாதிரிகள், 1867 பாரிஸ் கண்காட்சியில் சில பாத்திரங்கள், 1871இல் லண்டன் சர்வதேசக் கண்காட்சி. அங்கே பாராட்டு குவிந்த பிறகுதான் ஆலைக்குள் கலைக்கூடம் ஒன்று நிலையாக அமைந்தது.

இங்கே மண்ணும் நெருப்பும் செய்த உதவியைச் சொல்லாமல் கதை விளங்காது. சாதாரண மெருகுப் பாண்டத்தில், சுட்ட பானையைக் கண்ணாடிக் கரைசலில் தோய்த்து மறுபடி சுடுவார்கள். அந்தக் கரைசல் பானைமேல் ஒரு போர்வை. நுண்ணிய கீறல்களை அது நிரப்பி மூடிவிடும். உப்பு மெருகு அப்படியில்லை. சுடாத பச்சைப் பானையை நேராகச் சூளையில் அடுக்கி, வெப்பம் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மேலிருக்கும் துளைகள் வழியாக ஈரமான சாதாரண உப்பை அள்ளிப் போடுவார்கள். உப்பு ஆவியாகிப் பிரிய, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்து பானையின் மேல்தோலையே கண்ணாடியாக்கும். வெளியிலிருந்து பூசுவது எதுவும் இல்லை. மெருகு மிக மெல்லியது, ஆரஞ்சுத் தோல்போல் நுண்ணிய புள்ளி கொண்டது. கீறிய கோடு கீறியபடியே நிற்கும்.

பானைமேல் போடும் ஒற்றைக் கோடு இந்த நெருப்பில் பிழைக்கும். அப்படியானால் கோடு போடத் தெரிந்தவர்கள் தேவை. அவர்களோ பக்கத்துத் தெருவில் இரண்டாம் படியைப் பத்துத் தடவை வரைந்து, முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் வளைவு இழுக்கப் பழகிக் காத்திருந்தார்கள். நாடெங்கும் அலுத்துப்போன ஒரு பயிற்சி லாம்பெத்தில் மட்டும் உயிர்பெற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சக்கரத்தில் வனைந்த ஜாடி, தொட்டால் அமுங்காத, ஆனால் நகம் பதியும் பதத்துக்கு வந்ததும் கலைஞரின் மேசைக்கு வரும். கூர்முனைக் கருவியால் நேராகக் கீறுவார்கள். அழிப்பது எளிதல்ல, ஒருமுறை தப்பினால் அந்த வடு தெரியும். மண் ஈரமாக இருந்தால் கோட்டின் இரு கரையிலும் பிசிறு தூக்கும். அதை உடனே தேய்த்தால் கோட்டுக்குள் விழுந்து அடைக்கும், சற்றுக் காயவிட்டுத் தட்டிவிட வேண்டும். அதிகம் காய்ந்துவிட்டால் கோடு பொடிந்து விளிம்பு உடையும். பிறகு கோட்டுக்குள் நிறப்பொடியைத் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைப்பார்கள். அந்த வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் சிலவே: கோபால்ட் தரும் நீலம், இரும்பும் மாங்கனீசும் தரும் பழுப்புகள். அதனால்தான் லாம்பெத் ஜாடிகளுக்கு அந்த நீலமும் தவிடும் கலந்த முகம். சூளையில் உப்பு குறைந்தால் பானை வறண்டு சொரசொரக்கும். கூடினால் மெருகு திரண்டு வழிந்து, கோபால்டையும் இழுத்துக்கொண்டு ஓடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய, முன்பே வைத்த களிமண் வளையங்களை இரும்புக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்ப்பது வழக்கம்.

லாம்பெத் பள்ளியில் படித்த ஹன்னா பார்லோ 1871இல் டவுல்ட்டனிடம் சேர்ந்தார். ஆடு, குதிரை, மான், நாய் என்று விலங்குகளை ஈரமண்ணில் ஒரே மூச்சில் கீறுவார். அவரது ஜாடி ஒன்றை அருகில் பார்த்தால் தெரியும்: குதிரையின் முதுகு கழுத்திலிருந்து வால்வரை ஒரே கோடு, கோடு தொடங்கிய இடத்தில் ஆழம், முடிகிற இடத்தில் மெலிவு, கால் மூட்டில் மட்டும் கருவி ஒரு கணம் நின்று திரும்பியிருக்கும். நிழல் என்று தனியாக ஒன்றுமில்லை. அடியில் அவரது பெயரெழுத்துகள் பின்னிய முத்திரை. கலைஞர்கள் தங்கள் முத்திரையைப் பதிக்கலாம் என்பது அன்றைய ஆலை வேலையில் சாதாரணச் சலுகையல்ல. அவருடைய சகோதரி புளோரன்ஸ், சகோதரர் ஆர்தர், காது கேளாத ஃபிராங்க் பட்லர் என்று அடுத்தடுத்துப் பலர் சேர்ந்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்த பெண்கள் நூற்றுக்கணக்கானவர்கள். நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு வீட்டாசிரியை வேலையைத் தவிர மரியாதையான சம்பளம் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் இது சிறிய விஷயமல்ல.

ஜார்ஜ் டின்வர்த்தின் பாதை வேறு. வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகன். 1861இல் மேல்கோட்டை அடகு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டினார் என்று சொல்வார்கள். 1866இல் டவுல்ட்டனிடம் சேர்ந்து, விவிலியக் காட்சிகளைச் சுடுமண் புடைப்புச் சிற்பங்களாக வடித்தார். சுடுமண் சிற்பத்துக்கு, வடிக்கும்போதே சூளையை நினைக்க வேண்டும். இங்கே விரற்கடை, அங்கே நான்கு விரற்கடை என்று கனம் மாறினால் காயும்போதே விரிசல் விடும். அதனால் தடித்த பகுதிகளைப் பின்பக்கமிருந்து குடைந்து ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். ஈரம் உள்ளே சிக்கினால் சூளையில் அது ஆவியாகி உருவத்தையே சிதறடிக்கும். காய்ந்து சுட்டு முடியும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கட்டடத்தில் பொருத்த வேண்டிய துண்டென்றால் அந்தக் கணக்கில் பெரிதாகச் செய்தாக வேண்டும். இவற்றில் ஒன்றையும் பிளாஸ்டர் உருவத்தின் முன் புள்ளி வைத்துக் கற்க முடியாது.

டின்வர்த்தோடு படித்த ராபர்ட் வாலஸ் மார்ட்டின் 1873இல் தம்பிகளுடன் சொந்தச் சூளை தொடங்கி, 1877இல் லண்டனின் மேற்குப் புறநகரான சவுத்தாலுக்கு மாறினார். விசித்திரப் பறவை முகங்கொண்ட அவரது உப்பு மெருகு ஜாடிகள் இன்று ஏலங்களில் பெரும்விலை போகின்றன. அவர்களுக்குச் சூளையில் ஏற்பட்ட சேதமும் பெரிதாகவே இருந்தது.

பள்ளியின் மாலை வகுப்புகளைப் பற்றி ஒரு சொல். காஸ் விளக்கு ஒரே இடத்திலிருந்து விழுவதால் நிழல் அசையாது. பிளாஸ்டர் உருவத்தை வரைய அது பகலைவிட வசதி. ஆனால் அதன் மஞ்சள் ஒளியில் நீலமும் பச்சையும் குழம்பும். வண்ணவேலை அதனால் பகல் வகுப்பாளருக்கே உரியதானது. உழைக்கும் மாணவர் கோட்டிலும் களிமண்ணிலும் தேறியதற்கும் வண்ணத்தில் பின்தங்கியதற்கும் இந்த விளக்கும் ஒரு காரணம். பகலில் தீ காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டு 1880களில் இங்கே மாலையில் படித்தவர்தான் பிற்காலத்தில் புத்தகச் சித்திரங்களால் புகழ்பெற்ற ஆர்தர் ராக்கம்.

1879இல் ஸ்பார்க்ஸின் முனைப்பில், லண்டன் நகர கில்டுகளின் (பழைய தொழிற்சங்கங்களின்) பணத்தில், அருகிலுள்ள கென்னிங்டன் பார்க் ரோட்டில் தென்லண்டன் தொழிற்கலைப் பள்ளி தனியாகத் திறந்தது. சவுத் கென்சிங்டனின் 23 படிகள் அங்கே கிடையாது. சிற்பம், வடிவமைப்பு, மரச்செதுக்கு அச்சு என்று தொழில்தான் பாடம். 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு அடைக்கலமாக வந்திருந்த பிரெஞ்சுச் சிற்பி ழூல் டலூ சிறிது காலம் களிமண் வகுப்பெடுத்தார். அவருக்குப் பின் டபிள்யூ.எஸ். ஃப்ரித். ஜார்ஜ் ஃபிராம்ப்டன், ஹாரி பேட்ஸ், கோஸ்கோம் ஜான் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள்.

களிமண் உருவத்தைப் பிளாஸ்டருக்கு மாற்றும் அழிவு அச்சு முறை அந்தப் பயிற்சியின் தன்மையைக் காட்டும். முதல் பூச்சுப் பிளாஸ்டரில் சிறிது நீலப்பொடி கலந்து மெல்லியதாகத் தெளிப்பார்கள். அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டரைக் கனமாக ஏற்றுவார்கள். இறுகியதும் உள்ளிருக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவி, அச்சின் உட்புறம் சோப்பு தடவி, புதுப் பிளாஸ்டரை ஊற்றுவார்கள். பிறகு மழுங்கிய உளியால் அச்சைச் சில்லு சில்லாகத் தட்டி எடுக்க வேண்டும். வெள்ளைப் பகுதியைத் தாராளமாக உடைக்கலாம். நீலம் தெரிந்தால் உருவத்தின் தோல் ஒரு நூலிழை தூரத்தில் என்று பொருள், கையை அடக்க வேண்டும். சோப்பு தடவ மறந்தால் அச்சும் உருவமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அச்சு ஒருமுறைக்குத்தான், களிமண் ஏற்கனவே போய்விட்டது. திரும்பச் செய்ய எதுவும் மிஞ்சாது.

எல்லாத் தொழிலும் நிலைக்கவில்லை. மரச்செதுக்கு அச்சு வகுப்பில் 1882இல் சந்தித்த சார்ல்ஸ் ரிக்கெட்ஸும் சார்ல்ஸ் ஷானனும் படித்து முடிப்பதற்குள் பத்திரிகைகள் புகைப்பட அச்சுக்குத் தாவத் தொடங்கின. சம்பளத்துக்காகச் செதுக்கும் வேலை கரைந்தது. அவர்கள் அதே கைத்திறனை அழகிய நூல்கள் அச்சிடத் திருப்பினார்கள். அப்படித் திரும்ப எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

சவுத் கென்சிங்டனின் கை சென்னைக்கும் நீண்டது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் மட்பாண்டமும் ஒரு பாடம்; 1855இல் அரசு அதை ஏற்றது. சவுத் கென்சிங்டனில் பயின்ற ஈ.பி. ஹேவல் 1884இல் அதன் பொறுப்புக்கு வந்தார். பின்னாளில் கல்கத்தாவில் ஐரோப்பியப் பிளாஸ்டர் உருவங்களையும் நகல் படங்களையும் ஒதுக்கிவைத்தவரும் அவரே. தமிழ்நாட்டு அரசின் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்று இன்றும் எழுதப்படும் தாள்கள், அந்தத் துறை வைத்த தேர்வுகளின் பெயரையே சுமக்கின்றன. நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் வரைந்து, வலப்பக்கத்தில் திணறும் மாணவர் ரெட்கிரேவின் இரண்டாம் படியில்தான் நிற்கிறார்.

ஸ்பார்க்ஸ் 1881இல் சவுத் கென்சிங்டன் தேசியக் கலைப் பயிற்சிப் பள்ளியின் முதல்வராகி 1898வரை இருந்தார். அதற்கு 2 ஆண்டுகள் முன்புதான் அப்பள்ளி ராயல் கலைக் கல்லூரி என்று பெயர் மாறியது. அதே 1896இல் லண்டன் நகராட்சி மன்றம் பட்டறையை மையமாக வைத்து மத்தியக் கலைத்தொழில் பள்ளியைத் திறந்தது. 1898இல் தென்கரையில் கேம்பர்வெல் பள்ளி வந்தது. லாம்பெத்தில் ஓர் ஆசிரியரின் விடாப்பிடியால் நடந்தது, இப்போது நகரத்தின் கொள்கையானது.

உப்பு போடும்போது சூளையிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். பக்கத்திலேயே கான்டர்பரி பேராயரின் லாம்பெத் அரண்மனை; புகையைப் பற்றிய முறையீடுகள் டவுல்ட்டன் காலத்திலேயே இருந்தன. 1956இல், நகரக் காற்றைக் காக்கும் சட்டங்கள் இறுகிய நேரத்தில், லாம்பெத் ஆலை மூடப்பட்டது. கென்னிங்டன் பார்க் ரோட்டுப் பள்ளி லண்டன் சிட்டி அண்டு கில்ட்ஸ் கலைப்பள்ளி என்ற பெயரில் இன்றும் கல்லும் மரமும் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஆலையில் மிஞ்சியது பிளாக் பிரின்ஸ் ரோடு முனையில் நிற்கும் 1878ஆம் ஆண்டுக் கட்டடம் ஒன்று. அதன் வாசலுக்கு மேலே டின்வர்த் வடித்த சுடுமண் புடைப்பில் குயவர்களும் கலைஞர்களும் கூடியிருக்க, ஹன்னா பார்லோ ஜாடியும் கையுமாக அமர்ந்திருக்கிறார். அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை இருக்கிறது.